ஒரு ஆளுக்கு எத்தனை வீடு

வாடைப்பட்டினத்தில் ஆளுக்கு ஒரு வீடு என்று கணினிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த மறுநாளிலிருந்து கல்யாணமான ஆண்கள் ஒருத்தருக்கும் அவரவர் உம்மா வீடு கண்ணில் படவில்லை.

தப்பு அவ்வளவுதான்.

அந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் போகிறான். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு. மகன் கல்யாணத்தன்று மாலையோடு இறங்கி இரண்டு தெரு தள்ளி மாமியார் வீட்டில் ஏறுகிறான், சாகிற வரைக்கும் அங்கே படுக்கிறான், அங்கே எழுகிறான், ஆனால் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது அவன் கால் தானாக உம்மா வீட்டுப் பக்கம் திரும்பும், அங்கே ஒரு குவளை தேத்தண்ணி குடிக்கும், உம்மாவிடம் நாலு ஏச்சு வாங்கும், தங்கச்சி பிள்ளைகளை அதட்டும், பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்குள் எழுந்து திரும்பி வரும். நானூறு வருசமாக ஊரிலுள்ள அத்தனை ஆண்களும் இப்படி இரண்டு வீட்டில் இருந்தார்கள். எது உன் வீடு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சென்னைக் கம்பெனி கேட்டது. பேரூராட்சிக்குப் புதுப் பதிவேடு செய்து கொடுக்க ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. ஊருக்கு யாரும் வரவில்லை, ஒரு தாளில் கோடு கிழித்துப் பார்க்கவில்லை, நேராக உட்கார்ந்து அட்டவணையைக் கட்டிவிட்டார்கள். ஆள் ஒருவருக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர், பிறந்த வருசம், வீட்டு எண். வீட்டு எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்.

அந்தக் கட்டத்தை நிரப்பியவர் மொகுதூம். பேரூராட்சி எழுத்தர், வயது ஐம்பத்தேழு. கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர் கேள்வி கேட்ட இடமெல்லாம் மாமியார் வீட்டு முன்கூடம். உள் கதவுக்குப் பின்னால் மாமியாரின் வளையல் சத்தம். அங்கே நின்றுகொண்டு எவன் உம்மா வீட்டு எண்ணைச் சொல்வான்? பெண் கொடுத்து, வீடு கொடுத்து, முப்பது வருசம் மீன் பொரித்துப் போட்டவளுக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? இரண்டாயிரத்து நூற்றாறு ஆண்கள், இரண்டாயிரத்து நூற்றாறு பேரும், பெண்சாதி வீட்டு எண்ணைச் சொன்னார்கள். கடைசி வரியில் மொகுதூம் தன்னை ஏற்றினார். பெண்சாதி ஹமீதா வீடு, நெய்னார் தெரு, நாற்பதாம் எண். அழுத்து என்று இருந்த இடத்தில் அழுத்தினார்.

மறுநாள் அஸர் முடிந்து சங்குத் தெருவுக்குள் போனார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. அடுத்தது பதினாறு. பதினாலாம் வீட்டின் வெள்ளைச் சுவரும் பதினாறாம் வீட்டின் பச்சைச் சுவரும் நடுவில் ஒரு தையல் போட்டதுபோல ஒட்டி நின்றன. பதினைந்தாம் வீடு, அவர் பிறந்த வீடு, இடிந்து கிடக்கவில்லை, பூட்டிக் கிடக்கவில்லை. அது இருந்த இடமே இல்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். பதினாறு, பதினாலு. தெருவில் அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் எண்ணிக்கொண்டே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது தையலுக்குள்ளிருந்து, திரையை விலக்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி, அவர் தங்கை செய்னம்பு தெருவில் இறங்கினாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன காக்கா, இங்கே நிக்கிறீங்கோ? தேத்தண்ணி ஆறுது. உள்ளே வாங்கோ."

"எங்கே?"

"எங்கேன்னா? வீட்டுக்குத்தான்."

கையைப் பிடித்து இழுத்தாள். அவள் போனாள். அவர் சுவரில் முட்டிக்கொண்டார்.

மூன்று நாள் ஊர் சத்தம் போட்டது. அதற்குமேல் எந்த ஊராலும் முடியாது. மதரஸா ஆலிம், இது சோதனை, பொறுமையாக இருங்கள் என்றார். அவருக்கும் அவர் உம்மா வீடு தெரியவில்லை, அதனால் கொஞ்சம் உரக்கவே சொன்னார். பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கு எப்போதுமே ஒரே வீடு. கல்யாணமாகாத பையன்களுக்கும் இல்லை. நிர்வாக அதிகாரி சிங்காரவேலு திருநெல்வேலிக்காரர், அவர் கண்ணுக்கு எல்லா வீடும் தெரிந்தது, பதினைந்தாம் வீட்டுக் கதவை அவரே தட்டி, செய்னம்பு கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்து மொகுதூமிடம், "வீடு இருக்குவே. நல்லாத்தான் இருக்கு. உமக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார்.

நாலாம் நாள் உம்மாமார்கள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மகன்கள் பள்ளிவாசலிலிருந்து அங்கே போனார்கள். மணலில் பாய் விரித்துத் தேத்தண்ணி ஊற்றினார்கள், வீட்டில் ஏசிய அதே ஏச்சைக் காற்றில் கொஞ்சம் சத்தமாக ஏசினார்கள், இரண்டாயிரம் உம்மாக்களும் இரண்டாயிரம் மகன்களும் கரை நெடுக உட்கார்ந்திருக்க, சுண்டல் விற்கிறவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள், பிறகு பாய் வாடகைக்கு விடுகிறவர்கள் வந்தார்கள், பிறகு இன்னார் பாய் இன்னார் இடத்தில் என்று எல்லை வந்தது, எல்லைச் சண்டை வந்தது, சண்டை தீர்க்க ஒரு கமிட்டி வந்தது. ஒரு மாதத்தில் அது வழக்கமாகிவிட்டது. கல்யாணம் பேசப் போகிறவர்கள், "மாப்பிள்ளைக்கு உம்மா எப்படி, கடற்கரை வரை நடப்பாளா?" என்று முதலில் கேட்டார்கள். இரண்டு பெண்சாதி கட்டியிருந்த காதர் சாகிபுக்கு இளையவள் வீடு மட்டும்தான் தெரிந்தது. மூத்தவள், "எனக்கு நிம்மதி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எண்ணை மாற்றிவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். உமர் ஒலி என்கிற ஐஸ் பெட்டிக்காரர் மாற்றிப் பார்த்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, ஏழு நாள் காத்திருந்து, உம்மா வீட்டு எண்ணைப் போட்டுக்கொண்டார். உம்மா வீடு வந்தது. பெண்சாதி வீடு போயிற்று. உள்ளே மூன்று பெண் பிள்ளைகள். ஒரு வாரம் அந்தச் சுவர் ஓரமாகவே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் விண்ணப்பம் கொடுத்தார். இரண்டு வரியாகப் போடு என்றால், இந்த ஆள் ஏற்கனவே இருக்கிறார் என்று சொல்லிக் கணினி துப்பிவிட்டது. ஆளுக்கு ஆள் மாற்றக் கிளம்பியதில் கம்பெனிக்குக் கோபம் வந்து, இனி வருசத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று பூட்டுப் போட்டது.

ஆக ஊர் அடங்கிவிட்டது. மொகுதூம் ஒருத்தருக்குத்தான் வழியில்லை.

அவர் உம்மா ரஹ்மத்துக்கு எண்பத்தொரு வயது. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள். அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசல்படிக்கே வர முடியாது, கடற்கரைக்கு எங்கே. அதைவிடக் கண். இரண்டு கண்ணிலும் நீர் அழுத்தம். ஒரு நாள் விடாமல் சொட்டு மருந்து விட வேண்டும், விடாவிட்டால் பார்வை போகும், போனால் திரும்பாது. பதினொரு வருசமாக அஸருக்குப் பிறகு அதை விட்டுவந்தவர் மொகுதூம். செய்னம்புக்குக் கை நடுங்கும் வியாதி. ஹமீதா போய் விட்டுப் பார்த்தாள். மருமகள் முகத்தின்மேல் குனிந்ததும் கிழவியின் கண் கூச்சத்தில் தானாக இறுக மூடிக்கொண்டது. நர்ஸ் வந்தாள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், எல்லோருக்கும் மூடிக்கொண்டது. மருந்து கன்னத்தில் வழிந்தது.

மொகுதூம் தினமும் அஸர் முடிந்து பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவில் வந்து நிற்பார். தையலில் தோளைச் சாய்த்துக்கொண்டு போன் போடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருபதடியில் கிடக்கிற உம்மாவின் குரல் எங்கேயோ சுற்றிக்கொண்டு வந்து அவர் காதில் விழும்.

"வந்துட்டியா வாப்பா?"

"வந்துட்டேன்."

"உள்ளே வரலியா?"

"இல்லே."

"மருந்து?"

"அவளுகளை விடச் சொல்லுங்கோ உம்மா. கண்ணைத் தொறந்து வைங்கோ."

"தொறந்துதான் வைக்கிறேன். அது மூடிக்கிது."

அவ்வளவுதான் பேச்சு. போனில் முகம் பார்க்கிற வசதியைச் செய்னம்பு போட்டுக் காட்டினாள். அவர் திரையில் வெறும் வெள்ளைச் சுவர் தெரிந்தது. அவர் அழவில்லை. கோபப்படவில்லை. மரத்துப்போன காலை ஊன்றுகிறவன் மாதிரி ஊன்றி ஊன்றி நடந்து அலுவலகம் போனார், வந்தார், போட்டதைத் தின்றார். நாற்பதாம் நாள் உம்மா போனில் சொன்னாள்: "வலது பக்கம் வெளிச்சம் நின்னு போச்சு வாப்பா." சரி என்றார். மறுநாள் மாற்றும் விண்ணப்பத்தை எடுத்து எழுதினார். பதினைந்து, சங்குத் தெரு. போட்டால் ஹமீதா வீடு ஒரு வருசத்துக்குக் கிடையாது. உள்ளே ஹமீதா, நிறைமாத மகள். கையெழுத்துப் போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தார்.

அந்த நேரத்தில்தான் சிங்காரவேலு பல்கீஸைக் கூப்பிட்டுவிட்டார். நெய்னார் தெருப் பெண், முப்பத்தைந்து வயது, ஒன்பது வருசம் சென்னையில் கணினித் தகவல் தளங்களுக்கு எது எதோடு சேரும் என்று வரைபடம் போடுகிற வேலை பார்த்தவள், இப்போது அதையே வீட்டிலிருந்து பார்க்கிறாள். அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து கம்பெனியின் அட்டவணையைப் பார்த்தாள். பத்து நிமிசம் வரி வரியாக உருட்டினாள்.

"என்னம்மா?"

"இதுக்கு வரைபடம் எங்கே சார்?"

"வரைபடமா? அப்படி ஒண்ணும் தரலையே. நேராச் செஞ்சுட்டாங்க."

"கொத்தனார்கூட நூல் பிடிப்பான்."

"இன்னொரு கட்டம் சேர்த்துட்டாப் போச்சு. வீடு ஒண்ணு, வீடு ரெண்டுன்னு. கம்பெனிக்காரன் அதைத்தான் சொல்றான்."

"சேருங்க. காதர் சாகிபுக்கு மூணு வீடு, அவருக்கு மூணாவது கட்டமா? கல்யாணமாகாதவனுக்கு ரெண்டாவது கட்டம் காலியா நிக்குமே, அவன் தெருவுல காலி வீடு ஒண்ணு முளைச்சா என்ன பண்ணுவீங்க?"

சிங்காரவேலு யோசித்தார். இப்போது அந்த ஊரில் எதையும் முளைக்காது என்று சொல்வதற்கில்லை.

"முதல்ல வரையணும் சார். வரைஞ்சு பார்த்துட்டுத்தான் கட்டணும். யாரு இந்தத் தகவலை ஏத்தினது?"

மொகுதூம் கையைத் தூக்கினார்.

பெண்பிள்ளை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆண்களோடு மணிக்கணக்காகப் பேசினால் ஊர் பேசும் என்று, மறுநாள் காலை நாற்பதாம் எண் வீட்டு முன்கூடத்தில் வைத்துக்கொண்டார்கள். பல்கீஸ் மடிக்கணினியை முக்காலியில் வைத்தாள். மொகுதூம் எதிரே. ஹமீதா தூண் ஓரம். உள் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் வழக்கம்போல மாமியார். மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து உட்காருகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்தே வீட்டை ஆண்டவள்.

திரையில் ஒரு பெட்டி போட்டாள். ஆள். தள்ளி இன்னொரு பெட்டி. வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். கோடு சிவப்பாக நின்றது.

"ஏன் சிவப்பு?" என்றார் மொகுதூம்.

"கேள்வி கேக்குது மாமா. இந்த வரையிற கருவி இருக்கே, இது கோடு போட்டா சும்மா விடாது. கோட்டுக்கு ரெண்டு முனை. அந்த முனையிலே ஒரு வீட்டுக்கு எத்தனை ஆள்? இந்த முனையிலே ஒரு ஆளுக்கு எத்தனை வீடு? ரெண்டுக்கும் பதில் சொன்னாத்தான் கறுப்பாகும். அதுக்குப் பொறவு அட்டவணையை அதுவே எழுதிக் கொடுத்துடும். பழைய வரியெல்லாம் எங்கே போகணும்னும் சொல்லும். பதில் சொல்லாம நகராது."

"சரி."

"ஒரு வீட்டுக்கு எத்தனை ஆள்?"

"எத்தனையும் இருக்கலாம்."

"ஒரு ஆளுக்கு எத்தனை வீடு?"

கதவுக்குப் பின்னால் வளையல் ஒரு தடவை அசைந்து நின்றது. மொகுதூம் தரையைப் பார்த்தார். சட்டைப் பையில் மடித்த தாள் நெஞ்சில் குத்தியது. பதினைந்தாம் வீடு, இடது கண், மருந்துக் குப்பி, எல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் தெரிந்தது. தெரிந்தும், முப்பத்தோரு வருசம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சோறு தின்ற வாய் இரண்டாயிரத்து நூற்றாறு பேரும் சொன்னதையே சொன்னது.

"ஒண்ணு."

பல்கீஸ் விரலை எடுத்துவிட்டாள்.

"ஒண்ணுதான்னா நான் எதுக்கு மாமா வரையணும்? ஏற்கனவே அப்படித்தானே இருக்கு."

ஹமீதா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான், வந்தான். அந்தச் சிவப்புக் கோடு அப்படியே நின்றது. மனுசராயிருந்தால் சங்கடப்பட்டு வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். அது போகவில்லை.

"பல்கீஸு."

கதவுக்குப் பின்னாலிருந்து.

"சொல்லுங்கோ கம்மா." ஊர்ப் பெரிய மனுஷிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ரெண்டுன்னு போடு."

மொகுதூம் நிமிரவில்லை.

"முப்பத்தோரு வருசமா மாப்பிள்ளை அஸருக்குப் பொறவு எங்கே போறாஹன்னு எனக்குத் தெரியாதா? எனக்குக் கண்ணில்லையா? ஒண்ணாம், ஒண்ணு. யாருக்குக் கதை சொல்றாஹ?"

பல்கீஸ் சிரிப்பை விழுங்கினாள். "ரெண்டுன்னு போட முடியாது கம்மா. ஒண்ணா, பலதான்னுதான் கேக்குது."

"அப்போ பலதுன்னு போடு. இருக்கிறதைப் போடு."

போட்டாள். கோடு கறுக்கவில்லை, நடுவில் இரண்டாகப் பிரிந்தது, பிரிந்த இடத்தில் ஒரு வெறும் பெட்டி வந்து நின்றது.

"இது என்ன?" என்றாள் ஹமீதா.

"ஆளுக்கும் பல வீடு, வீட்டுக்கும் பல ஆள்னா நடுவிலே மூணாவது பெட்டி வேணும். ஆளும் இல்லே, வீடும் இல்லே. அந்த ஆள் அந்த வீட்டிலே இருக்கிற இருப்பு. இருப்புக்கு ஒரு வரி, எத்தனை வேணுமோ அத்தனை வரி. ரெண்டாவது வீடு இல்லாதவனுக்கு ரெண்டாவது வரி கிடையாது, காலி வீடு முளைக்காது." கதவைப் பார்த்துத் திரும்பினாள். "இதுக்குள்ளே என்ன எழுதணும் கம்மா? எந்த நேரம், எதுவரைக்கும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் சொன்னாள். நிறுத்தாமல் சொன்னாள். தினமும் அஸருக்குப் பிறகு மஃரிபு வரை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாடு அங்கே, கறி இருந்தால் இங்கே ஒரு கிண்ணம் வரும். பெருநாள் காலையில் முதல் காலடி அங்கே, பிறகுதான் இங்கே. உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இரவும் அங்கே. அப்படி இந்த முப்பத்தோரு வருசத்தில் பதினேழு இரவு. நோன்பு திறக்க முதல் பத்து நாள் அங்கே. தங்கச்சி பிள்ளைப்பேறு மூன்று தடவை, தடவைக்கு நாலு நாள். அவர் வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாள். அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது, ஒன்றையும் மொகுதூம் ஒருநாளும் அவளிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை, ஒன்றையும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. பல்கீஸின் விரல் ஓடி ஓடி அடித்தது. மொகுதூம் தரையில் பதித்த ஓடு ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

"இவ்வளவுதான்" என்று கதவு சாத்திக்கொண்டது.

பிறகு நடந்ததில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்களிடம் கேட்டுப் பிரயோசனமில்லை என்று தெரிந்து பல்கீஸ் ஒவ்வொரு தெருவிலும் மாமியார்களிடம் போனாள்; நாற்பதாம் எண்ணுக்காரி சொல்லிவிட்டாள் என்றதும் மற்றவர்களும் ரோசத்துக்குச் சொன்னார்கள், அவளைவிட அதிகமாகவே சொன்னார்கள். வரைபடம் சென்னைக்குப் போயிற்று. கடுதாசியில் எழுதியிருந்தால் கம்பெனிக்காரர்கள் மறுத்திருப்பார்கள், போனில் சொல்லியிருந்தால் பார்க்கலாம் என்றிருப்பார்கள். மூன்று பெட்டியையும் நடுவில் ஓடும் கோடுகளையும் கண்ணால் பார்த்தபிறகு வாதாட ஒன்றும் அகப்படவில்லை. கருவி எழுதிக் கொடுத்த அட்டவணையை ஒன்பது நாளில் ஏற்றினார்கள். பழைய வரி ஒன்றுகூடத் தொலையவில்லை.

பத்தாம் நாள் அஸர் முடிந்து மொகுதூம் சங்குத் தெருவுக்குள் போனார். பதின்மூன்று, பதினாலு, பதினைந்து. கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றினார். செய்னம்பு அவரைப் பார்த்து, "வாங்கோ காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள். ஊரில் எல்லா உம்மா வீட்டிலும் அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. கடற்கரைக் கமிட்டி மட்டும் கொஞ்ச நாள் கூடிக் கூடிக் கலைந்தது.

உம்மா கட்டிலில் கிடந்தாள். வலது கண் பால் கொட்டியது மாதிரி இருந்தது. இடது கண் அவரைத் தேடிப் பிடித்தது.

"வந்துட்டியா வாப்பா?"

"வந்துட்டேன்."

அவர் குனிந்தார். கிழவி கண்ணை மூடவில்லை. இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டார். பிறகு, பழக்கத்தில், வலது கண்ணிலும் விட்டார். விட்டபிறகுதான் அது வீண் என்று தெரிந்தது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"வீடு எப்படித் தெரிஞ்சிது உனக்கு?"

"பதிவேட்டைச் சரிபண்ணிட்டாங்கோ."

"யாரு? ஆபீசரா?"

"இல்லே."

"அந்தப் படிச்ச புள்ளே, பல்கீஸா?"

சரிபண்ணினது நீதானே என்று மொகுதூம் பல்கீஸிடமே கேட்டிருந்தார். நான் வரைஞ்சேன் மாமா, கருவி கேட்டிச்சு, பதில் நாங்க சொல்லலையே என்று சொல்லிவிட்டாள்.

"அவ இல்லே உம்மா."

"பின்னே யாரு?"

வாடைப்பட்டினத்தில் மருமகன் மாமியாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. முப்பத்தோரு வருசத்தில் மொகுதூமும் சொன்னதில்லை. பதிவேட்டில் ஏற்றும்போதுகூட ஹமீதாவை விட்டுத்தான் அடிக்கச் சொன்னார். குப்பியின் மூடியைத் திருகினார்.

"கிழுறு பாத்திமா" என்றார்.